பள்ளியிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்ட பையன் நீதிமன்றம் வரை போகாமல் தடுப்பது எப்படி?

கேள்வி: சுங்கை சிப்புட் அத்தை

அனைவருக்கும் வணக்கம். மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்தில், முன்பு ரப்பர் தோட்டமாக இருந்து பிறகு செம்பனைக்கு மாறிவிட்ட நிலத்தை ஒட்டிய மலிவு விலை வீடமைப்புப் பகுதியில் வசிக்கிறேன். என் அண்ணன் மகன் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்து, மலாய்வழி இடைநிலைப் பள்ளிக்குத் தயார்படுத்தும் ஓராண்டுப் புகுமுக வகுப்பையும் முடித்து, இப்போது அந்தப் பள்ளியில் இரண்டாம் படிவத்தில் இருக்கிறான். மலாய் மொழியில் நடக்கும் பாடங்கள் புரியாமல் போகவே, வகுப்பைத் தவிர்க்கத் தொடங்கினான். தலைமுடி, தாமதம், காலணி என்று எச்சரிக்கைகள் சேர்ந்துகொண்டே வந்தன. கடைசியில் ஒரு சண்டைக்காக இரண்டு வாரம் பள்ளிக்கு வரக்கூடாது என்று கடிதம் கொடுத்துவிட்டார்கள். அண்ணன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார், அண்ணி தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். பகலில் அவன் யாரோடு சுற்றுகிறான் என்று பார்க்க வீட்டில் ஆளில்லை. இதே பகுதியில் முன்பு நிறுத்தி வைக்கப்பட்ட இரண்டு பையன்கள் பின்னர் மோட்டார் சைக்கிள் திருட்டு வழக்கில் சிக்கினார்கள். கட்டொழுங்குத் தண்டனைக்கும் போலீஸ் வழக்குக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? குடும்பத்தார் இப்போது என்ன செய்யலாம்?

பதில்: ஓய்வு பெற்ற ஆசிரியர்

அம்மா, தொடர்பு உண்டு என்றே உறுதியாகக் கருதுகிறேன். நம் பள்ளிகளின் தண்டனை முறைக்கு 1959ஆம் ஆண்டின் பள்ளிக் கட்டொழுங்கு விதிமுறைகளே இன்னும் அடிப்படை. அவற்றின்படி தலைமையாசிரியர் ஒரு மாணவனை அதிகபட்சம் 14 நாட்கள் நிறுத்தி வைக்கலாம். வீட்டில் பெரியவர் ஒருவரும் படிக்கத் தனி அறையும் உள்ள பிள்ளைக்கு அது வெட்கத்தோடு முடிந்துவிடும். தாய் ஷிப்டுக்குப் போன பிறகு கீழ்மாடியில் காத்திருக்கும் அண்ணன்மார்கள் மட்டுமே பேச்சுத் துணையாக உள்ள பிள்ளைக்கோ, அந்த இரண்டு வாரம் வேறொரு பள்ளியாகிவிடுகிறது. குண்டர் கும்பல்கள் ஆள் சேர்ப்பது இத்தகைய பகல் நேரங்களில்தான். திரும்பி வரும்போது பாடங்கள் இன்னும் தூரம் போயிருக்கும். ஆகவே மறுபடியும் வகுப்பைத் தவிர்ப்பான், மறுபடியும் கடிதம் வரும். புகுமுக வகுப்பிலேயே மொழிக்குக் கைகொடுத்திருந்தால் இந்தக் கடிதங்களில் பாதிக்குத் தேவையே இருந்திருக்காது.

பதில்: பணியிலுள்ள ஆசிரியை

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன். ஒரு வகுப்பில் மற்ற பிள்ளைகளும் இருக்கிறார்கள், அவர்களும் பெரும்பாலும் அதே தோட்டப்புறத்து ஏழைப் பிள்ளைகள்தாம். அடிபட்ட மாணவனின் தாய் என் முன் வந்து நிற்கும்போது, அடித்தவனை அதே வகுப்பில் உட்கார வைத்திருக்கிறேன் என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் சண்டைக்கும் தலைமுடிக்கும் ஒரே கோப்பில் குற்றப் புள்ளி சேர்ப்பது தவறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஏறக்குறைய பத்து லட்சம் மாணவர்களைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்து 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. நிறுத்தி வைப்புகளிலும் நீக்கங்களிலும் சட்டம் கட்டாயப்படுத்தியவை சுமார் 3 விழுக்காடு மட்டுமே. மற்றவையெல்லாம் பள்ளி தன் விருப்பப்படி எடுத்த முடிவுகள். அப்படித் தண்டிக்கப்பட்டவர்கள் அடுத்த ஆண்டிலேயே சிறார் நீதித் துறையின் பிடியில் விழும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. அங்கே கறுப்பின மாணவர்களே அதிகம் தண்டிக்கப்பட்டார்கள். அந்த எண்களை அப்படியே நம் நாட்டுக்குப் பொருத்த முடியாது, ஆயினும் பள்ளியின் விருப்பத்துக்கு விடப்பட்ட தண்டனை யார் தலையில் அதிகம் விழுகிறது என்று ஒவ்வொரு பள்ளியும் தன் பதிவேட்டைத் திறந்து பார்க்க வேண்டும்.

பதில்: பேராக் வழக்கறிஞர்

பள்ளிக் கோப்பு பள்ளியோடு நிற்பதில்லை என்பதைப் பெற்றோர் பலர் அறிவதில்லை. 2001ஆம் ஆண்டின் சிறார் சட்டப்படி 18 வயதுக்குட்பட்டவரின் வழக்கு சிறார் நீதிமன்றத்தில் நடக்கும். குற்றம் உறுதியானால், தீர்ப்புக்கு முன் நன்னடத்தை அதிகாரி ஓர் அறிக்கை தயாரிப்பார். குடும்பப் பின்னணி, பொது நடத்தை, வீட்டுச் சூழல், மருத்துவ வரலாறு ஆகியவற்றோடு பள்ளிப் பதிவும் அந்த அறிக்கையில் இடம்பெற வேண்டும். முடிக்காகவும் தாமதத்துக்காகவும் வந்த கடிதங்கள் அங்கே 'கட்டுக்கு அடங்காதவன்' என்ற தோற்றத்தைத் தந்துவிடும். நன்னடத்தைப் பிணைப்பத்திரத்தில் விடுவதா, நன்னடத்தைக் கண்காணிப்பா, சமூக நலத் துறையின் சீர்திருத்தப் பள்ளியா, இளங்குற்றவாளிகளுக்காகச் சிறைத் துறை நடத்தும் ஹென்றி கர்னி பள்ளியா என்று நீதிபதி முடிவெடுக்கும் நேரத்தில் இந்த அறிக்கை அவர் கையில் இருக்கும்.

கைதானால் 24 மணி நேரத்துக்குள் பையனை நீதிமன்றத்தின் முன் நிறுத்த வேண்டும். பெற்றோருக்கும் நன்னடத்தை அதிகாரிக்கும் போலீஸ் தகவல் சொல்ல வேண்டும். தடுப்புக் காவல் (ரிமாண்ட்) விசாரணையில் தேசிய சட்ட உதவி அறவாரியத்தின் வழக்கறிஞர் இலவசமாக முன்னிலையாக முடியும். வழக்கறிஞரோடு பேச வேண்டும் என்று முதலிலேயே கேளுங்கள்.

கேள்வி: சுங்கை சிப்புட் அத்தை

ஐயா, மிக்க நன்றி. இதுவரை வந்த கடிதங்கள் எதற்கும் அண்ணி பதில் எழுதவில்லை. எல்லாம் மலாயில் இருந்தன, கையொப்பமிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார். இனி எழுதினால் பயன் உண்டா?

பதில்: பேராக் வழக்கறிஞர்

உண்டு அம்மா. அண்ணியின் பெயரில் இந்த வாரமே தலைமையாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். அதில் வேலை நேரம், பாடம் புரியாத சிரமம், சண்டை எப்படித் தொடங்கியது என்று பையன் சொன்னது ஆகிய மூன்றையும் சுருக்கமாகக் குறிப்பிடுங்கள். நிறுத்தி வைத்த நாட்களுக்குரிய பாடப் பயிற்சிகளையும், ஆலோசக ஆசிரியருடன் ஒரு சந்திப்பையும் கேளுங்கள். ஒரு நகலை மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்ட முத்திரையுடன் இன்னொரு நகலை வீட்டில் வைத்திருங்கள். அவனுக்காகக் குடும்பம் பேசியது என்பதற்கு நாளை வேறு எங்கும் சான்று கிடைக்காது. மலாயில் எழுதத் துணை வேண்டுமானால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், வரைவைப் பார்த்துத் தருகிறேன்.