முதல் மரவை: உள்பக்கம் உளி மாட்டுகிறது, வழி சொல்லுங்கள்

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழைய சாமான் கடைகளில் கடைசல் மரவைகளை (மரக் கிண்ணங்களை) பார்த்துப் பார்த்து ஆசை வந்து, சின்ன மர லேத் (மரத்தைச் சுழற்றிக் கடையும் எந்திரம்) ஒன்று வாங்கிவிட்டேன். கொல்லையில் விழுந்த பூவரசில் 8 அங்குல வட்டம் அறுத்து மாட்டினேன்.

வெளிப்பக்கம் சுகமாக வந்தது. ஈரமரம், சீவல் சுருள் சுருளாகப் பறந்தது. அப்புறம் திருப்பி மாட்டி உள்ளே குடைந்தபோதுதான் வம்பு. மரவையின் சுவர் முடிந்து அடிப்பக்கம் வளைகிற இடத்தில் உளி வெடுக்கென்று மாட்டுகிறது. ஒருமுறை மரவையே சக்கிலிருந்து (மரத்தைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) கழன்று அறைச் சுவரில் மோதியது. முகக்கவசம் போட்டிருந்தேன், பிழைத்தேன். வேகம் நிமிடத்துக்கு 900 சுற்று, இது அதிகமோ?

இன்னொன்று: எதிரெதிராக இரண்டு இடங்களில் மட்டும் நார் பிய்ந்து சொரசொரப்பாக நிற்கிறது. குறுக்குவெட்டு நார் வருகிற இடம் அது என்று புரிகிறது. உப்புத்தாளை எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. உளியைத் தீட்டுவதா, பிடிக்கும் கோணத்தை மாற்றுவதா?

இப்போது சுவர் முக்கால் அங்குலம் இருக்கிறது. இப்படியே காகிதப் பையில் மரத்தூளோடு மூடி சில மாதம் காயவிட்டு, கோணினபிறகு மறுபடி கடையலாமா? விளிம்பில் மயிரிழை விரிசல் ஒன்று தெரிகிறது, அதுதான் பயம்.

ஆச்சி வேறு, "இதுல உப்புப் போட்டு வைக்கலாமாடா?" என்று தினமும் கேட்கிறார். சாப்பாட்டுப் பொருள் வைக்க என்ன எண்ணெய் பூசலாம்? தேங்காய் எண்ணெய் சிக்கு வாடை அடிக்கும் என்று நினைக்கிறேன்.