முதல் பக்கத்துல எது மேல வரணும்: ஓட்டா, சிஸ்டமா?

மாடித்தோட்டம்_கோவை:
வணக்கம் மக்களே. நாங்க அஞ்சு பேர் சேந்து மாடித்தோட்டத்துக்குன்னு ஒரு சைட் நடத்துறோம், இப்ப 300 பேர் வரைக்கும் எழுதுறாங்க. இதுவரை புதுசு மேல பழசு கீழன்னுதான் ஓடுது. போன வாரம் ஒரு அம்மா மாவுப்பூச்சிக்கு வேப்பெண்ணெய்ய சோப்புத் தண்ணியில எப்படி கலக்கணும், ஏன் சாயங்காலமா பாத்து இலைக்கு அடியில அடிக்கணும்னு போட்டோவோட எழுதியிருந்தாங்க, ரெண்டே மணி நேரத்துல 17 காலை வணக்கம் பதிவுக்கு அடியில போயிடுச்சு. மனசே கேக்கல. ஓட்டு பட்டன் வைக்கலாமா, இல்ல யார் எத எவ்வளவு நேரம் பாக்குறாங்கன்னு கணக்கெடுத்து சிஸ்டமே வரிசை போடட்டும்னு விட்டுடலாமா?

பழைய_பதிவர்:
தமிழ் வலைப்பதிவுகள எல்லாம் ஒரே இடத்துல திரட்டிக் காட்டுன தமிழ்மணம் சைட்டுல ரெண்டையும் பாத்தவன் நான். 'சூடான இடுகைகள்'னு ஒரு பகுதி இருந்துச்சு, எத்தனை பேர் கிளிக் பண்றாங்கங்கிறத வச்சு தானா வரும், அதுல இடம் பிடிக்க தலைப்புலயே சண்டைய இழுப்பாங்க, உள்ள போனா மூணு வரி இருக்கும். இன்னொரு பக்கம் வாசகர் பரிந்துரை, அது ஓட்டு. அங்க நீ எனக்கு போடு நான் உனக்கு போடறேன்னு மொய் கணக்கா ஆயிடுச்சு. படிக்காமயே "ஓட்டு போட்டாச்சு"ன்னு பின்னூட்டம் வரும். நானும் அப்படி போட்டவன்தான், இப்ப நினைச்சா வருத்தமா இருக்கு, அந்த நேரத்துல எத்தனையோ நல்ல எழுத்து யார் கண்ணுலயும் படாம போச்சு.

கோடு_எழுதுறவன்:
அண்ணே சொல்றது சரி, ஆனா ஓட்ட அப்படியே கூட்டிப் போடணும்னு இல்லயே. ஓட்ட வச்சு பதிவுகள வரிசைப்படுத்துற ரெட்டிட் சைட்டோட பழைய ஓப்பன் சோர்ஸ் (யாரும் பாக்கக்கூடிய) கோட்ல ஓட்டுக்கு லாகரிதம் எடுப்பாங்க, அதாவது 1ல இருந்து 10க்கு போறதும் 10ல இருந்து 100க்கு போறதும் ஒரே மதிப்பு, அதனால கும்பலா வந்து குத்துனாலும் ஒரு அளவுக்கு மேல ஏறாது. பன்னெண்டரை மணி நேரம் பிந்தி வந்த பதிவு பத்துல ஒரு பங்கு ஓட்டு வாங்குனாலே பழசுக்கு சமமா நிக்கும். உங்க சைட்டுக்கு அது ரொம்ப வேகம், நாள் கணக்குல வைங்க. முக்கியமா முதல் சில மணி நேரம் ஓட்டு எண்ணிக்கைய யாருக்கும் காட்டாதீங்க. 2013ல சயின்ஸ் இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு, பின்னூட்டம் வந்த உடனே சும்மா ஒரே ஒரு ஓட்ட போட்டு விட்டு பாத்திருக்காங்க, கடைசி மதிப்பெண் சராசரியா 25 சதவீதம் ஏறியிருக்கு. முன்னாடி போறவர பாத்து பின்னாடி போற கதைதான்.

செம்பருத்தி:
பாக்குற நேரத்த வச்சு வரிசை வேண்டவே வேண்டாம் தம்பி. யூடியூப் 2012ல வியூஸ விட்டுட்டு பாக்குற நேரத்துக்கு மாறுனது வீடியோவுக்கு பொருந்தலாம். செடியில பூச்சி ஏறி நிக்கும்போது வர்றவ அந்த அம்மா சொன்ன அளவ 20 செகண்ட்ல பாத்துட்டு ஸ்பிரேயரோட மாடிக்கு ஓடிடுவா. உங்க சிஸ்டம் இது யாருக்கும் பிடிக்கலன்னு எடுத்துக்கும். அதுக்கு பதிலா 'செஞ்சு பாத்தேன், பலன் இருந்துச்சு'ன்னு ஒரு பட்டன் வைங்க, பதிவு வந்து ஒரு வாரம் கழிச்சுதான் அது தெரியணும்.

மாடித்தோட்டம்_கோவை:
அக்கா, இது எங்களுக்கு தோணவே இல்ல, இன்னைக்கே எழுத ஆரம்பிச்சிடறோம். ஓட்டும் இருக்கும், எண்ணிக்கைய மறைச்சு வைக்கிறோம். ஒரு சந்தேகம் மட்டும் கோடு நண்பா, ஆடிப்பட்டத்துக்கு எழுதுனது அடுத்த ஆடிக்குதான வேணும், நாள் ஆக ஆக கீழ தள்ளுற கணக்குல அத எப்படி திரும்ப மேல கொண்டு வர்றது?