பென்னாகரம் கிணற்றில் கிடைத்த முட்டை வடிவக் கல்: அடையாளம் காண உதவி தேவை

மூன்று வாரங்களுக்கு முன் பென்னாகரம் அருகே எங்கள் நிலத்தில் கிணறு வெட்டியபோது, 9 அடி ஆழத்தில், செம்மண்ணும் சுக்கான்கல்லும் (மண்ணில் உருவாகும் சுண்ணாம்புக் கட்டிகள்) கலந்த அடுக்கில் முட்டை வடிவக் கல் ஒன்று கிடைத்தது. ஊரில் பலரும் அதை டைனோசர் முட்டை என்கிறார்கள்.

நீளம் 17 செ.மீ., அகலம் 13 செ.மீ., எடை 3.9 கிலோ. நீரில் அமிழ்த்தியபோது ஒன்றரை லிட்டர் வெளியேறியது. ஆக, அடர்த்தி நீரைப்போல் 2.6 மடங்கு, ஏறத்தாழ கருங்கல்லுக்கு உரியது. 3 மி.மீ. தடித்த வெள்ளை மேலோட்டில் எலுமிச்சைச் சாறு விட்டால் நுரைக்கிறது. ஓடு பெயர்ந்த இடத்தில் நுரைக்கவில்லை. காந்தம் ஒட்டவில்லை. உருப்பெருக்கியில் பார்த்தும் முட்டை ஓட்டுக்குரிய நுண்துளைகள் எனக்குப் புலப்படவில்லை. ஒரு கல்லூரிக்குப் படங்கள் அனுப்பினேன், பதில் வரவில்லை.

டைனோசர் எலும்புகள் கிடைத்த அரியலூர்ப் பகுதியில் இருப்பவை டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலப் படிவுப் பாறைகள். நம் தருமபுரியின் நைஸ், சார்னோக்கைட் என்னும் கடும்பாறைகளோ உயிரினங்களுக்கு எலும்பே தோன்றாத, ஏறத்தாழ 250 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய காலத்தவை. ஆகவே இது முட்டையன்று என்றே எண்ணுகிறேன். எனினும், பார்க்க வரும் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஊகத்தைச் சொல்ல மனம் வரவில்லை.

கல்லை உடைக்காமல், இந்த வெள்ளை மேலோடு படிந்த சுண்ணாம்பா, முட்டை ஓடா என்று உறுதிசெய்ய நான் அடுத்துச் செய்ய வேண்டிய சோதனை எது?