2012 ஸ்விஃப்ட் டீசலை வைத்துக்கொள்வதா, புது பெட்ரோல் ஸ்விஃப்ட் எடுப்பதா?

திருநகர்க்காரன்:
2012 ஸ்விஃப்ட் டீசல் வைத்திருக்கிறேன். 15 வருட ஆர்.சி. (பதிவுச் சான்று) முடியப்போகிறது. எஃப்.சி. (வண்டித் தகுதிச் சோதனை) காட்டி இன்னும் ஐந்து வருடம் நீட்டிக்கவா, இல்லை 2024-ல் வந்த புது மாடல் பெட்ரோலுக்கு மாறவா? மதுரைக்குள் ஓட்டம் குறைவு, குடும்பத்தோடு கொடைக்கானல் போவதுதான் அதிகம்.

டீசல் பிரியன்:
கொடைக்கானல் என்றால் யோசிக்கவே வேண்டாம் அண்ணே. உங்கள் 1.3 எஞ்சின் 2000 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 2000 சுற்று) வேகத்திலேயே 190 என்எம் டார்க், அதாவது இழுவை விசை, தரும். புதுசு மூன்று சிலிண்டர், 112 என்எம்தான், அதுவும் 4000-க்கு மேல் மிதித்தால். மலையடிவாரத்தில் காமக்காப்பட்டி செக்போஸ்ட் தாண்டி ஐந்து பேரோடு ஏசி போட்டு ஏறினால் தெரியும். பெட்ரோலைவிட டீசல் விலை கம்மி வேறு.

ஒத்தக்கடை:
காகிதத்தில் 190 சரி தம்பி. 2000-க்குக் கீழே அந்த வண்டி என்ன செய்யும் என்று சொல்லவில்லையே? கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழி விட்டு நின்று கிளம்பும்போது டர்போ (எஞ்சினுக்குள் கூடுதல் காற்றைத் தள்ளும் பாகம்) பிடிக்காமல் முக்கும். முதல் கியருக்கு இறங்கி மிதித்தால் திடீரென்று பாயும். புதுசு நூறு கிலோவுக்கு மேல் எடை குறைவு, அதனால் 112-ம் அவ்வளவு மோசமில்லை. அதைவிட, குடும்பத்தோடு போகிற ஆளுக்கு ஏர்பேக்கைப் பற்றி ஏன் ஒருவரும் பேசவில்லை? புதுசில் விலை குறைந்த அடி வேரியண்ட்டிலேயே ஆறு. ஏர்பேக் இல்லாத ஸ்விஃப்டை 2014-ல் கார் பாதுகாப்பைச் சோதிக்கும் குளோபல் என்கேப் அமைப்பு மோதிப் பார்த்தது, பெரியவர்கள் பாதுகாப்புக்கு ஒரு ஸ்டார்கூடக் கிடைக்கவில்லை.

டீசல் பிரியன்:
அப்படிப் பார்த்தால் ஊரில் பாதி வண்டியை ரோட்டில் விடக்கூடாது. நிதானமாக ஓட்டினால் போதும்.

ஒத்தக்கடை:
நீங்கள் நிதானமாக ஓட்டுவீர்கள். எதிரே ராங் சைடில் வருகிறவன்?

கிரீஸ் கை:
ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன், இரண்டும் வருகிறது. 2020-ல் பிஎஸ்-6 புகை விதி வந்ததும் இந்த டீசலை நிறுத்திவிட்டார்கள், ஆனால் பாகத்துக்குப் பஞ்சமில்லை. டாடா விஸ்டா, ஃபியட் புன்டோ கார்களிலும் இதே ஃபியட் எஞ்சின்தான். செலவு வைப்பது டர்போ, இன்ஜெக்டர், கிளட்ச். ஆயில் மாற்றாமல் ஓட்டியிருந்தால் எஞ்சினுக்குள் வால்வுகளை இயக்கும் டைமிங் செயினும் சத்தம் போடும். காலையில் குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, முன்பக்கம் கறகறவென்று கேட்கிறதா என்று பாருங்கள். கேட்டால் எஃப்.சி.க்குப் பணம் போடாதீர்கள்.

திருநகர்க்காரன்:
இன்று காலை பார்த்தேன், சத்தமில்லை. ஆனால் என்னுடையது ஏர்பேக் இல்லாத வேரியண்ட். வீட்டில் இதைப் படித்துக் காட்டிவிட்டேன், அநேகமாகப் புதுசுதான்.

டீசல் பிரியன்:
சரி, புரோக்கரிடம் போவதற்கு முன் எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். செயின் சத்தமில்லாத வண்டி, நானே எடுத்துக்கொள்கிறேன்.