மாணவர் வீட்டுக்குத் தீ வைத்தது யார்: சந்தேகப் பெயர்களைப் பொதுவில் எழுதலாமா?

மலர்விழி:
2003 ஏப்ரல் 13. அமெரிக்காவின் கொலம்பஸ் நகரில், ஓஹியோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தை ஒட்டி, கிழக்கு 17ஆம் அவென்யூவில் மாணவர்கள் தங்கியிருந்த ஒரு வீடு. இரவில் பிறந்தநாள் விருந்து. விடிவதற்குள் வீடு பற்றி எரிந்து ஐந்து மாணவர்கள் இறந்துபோனார்கள். மூன்று பேர் ஓஹியோ ஸ்டேட்டிலேயே படித்தவர்கள், இரண்டு பேர் ஓஹியோ பல்கலைக்கழகம் என்ற வேறொரு பல்கலைக்கழகத்திலிருந்து வந்தவர்கள். யாரோ வைத்த தீதான் என்று விசாரணையில் முடிவானது. வைத்தவர் யார் என்று இன்னும் நிரூபிக்கப்படவில்லை. அத்தனை பேர் வந்துபோன வீட்டில் ஒருவருக்குமா தெரியாமல் போகும்? சந்தேகப் பெயர்களை வெளிப்படையாக எழுதினால்தான் வழக்கு அசையும்.

கதிரவன்:
எழுதுங்கள், பெயர் மட்டும் வேண்டாம். டெக்சாஸில் கார்சிகானா என்ற ஊரில் 1991இல் ஒரு வீடு எரிந்து மூன்று குழந்தைகள் இறந்தார்கள். தந்தைதான் தீ வைத்தார் என்று தீர்ப்பாகி 2004இல் அவருக்கு மரண தண்டனையும் நிறைவேறியது. தீ வைத்ததற்கான அடையாளம் என்று சொன்னதற்கு அடிப்படையே இல்லை என்று தீ அறிவியல் வல்லுநர்கள் பலர் சொல்லிவிட்டார்கள். போன உயிர் திரும்புமா?

மலர்விழி:
அந்த வழக்கில் குற்றம் நடந்ததா என்பதே கேள்வி. இங்கே கேள்வி யார் என்பதுதான். இரண்டையும் போட்டுக் குழப்பாதீர்கள்.

பழைய தீயணைப்பாளன்:
நான் பல எரிந்த வீடுகளுக்குள் போயிருக்கிறேன். தரையில் குட்டை தேங்கினாற்போல ஒரு கருகல் தெரியும். பெட்ரோல் ஊற்றிய தடம் என்று ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னோம். கூரைக்கடியில் சேரும் வெப்பம் ஏறக்குறைய 600 டிகிரியைத் தொட்டால் அறை முழுவதும் ஒரே நொடியில் பற்றிக்கொள்ளும். அப்போது எதுவும் ஊற்றாத தரையிலும் அதே கருகல் விழும். 1991 வாக்கில் ஃபுளோரிடாவின் ஜாக்சன்வில்லில் ஒரு வீட்டை வேண்டுமென்றே கொளுத்திப் பார்த்தார்கள். ஐந்து நிமிடத்துக்குள் அறை முழுக்கத் தீ! இப்படி ஏமாறாமல் தீ எப்படிப் பற்றியது என்று சரியாகக் கண்டுபிடித்தாலும் யார் கை என்பதைச் சாம்பல் சொல்லாது. மனிதர்தான் சொல்ல வேண்டும்.

மலர்விழி:
நானும் அதைத்தானே சொல்கிறேன்? நியூஜெர்சியில் சீட்டன் ஹால் பல்கலைக்கழக விடுதியில் 2000 ஜனவரியில் தீப்பிடித்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். காகிதத் தோரணத்தைக் கொளுத்தியதை இரண்டு பேர் ஒப்புக்கொண்டது 2006இல். விடாமல் துரத்தியதால்தான் அது நடந்தது.

கதிரவன்:
துரத்தியது அரசுத் தரப்பு. நம்மைப்போல வெளியே இருந்து எழுதியவர்கள் இல்லை. இன்னொன்று. ஓஹியோவில் கொலை வழக்குக்குக் காலவரம்பு கிடையாது. நாளைக்கே ஒரு சாட்சி வரலாம். வந்தால் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கேட்பது இதுதான்: 'இதை நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா, எங்காவது படித்தீர்களா?' நாம் எழுதிக் குவித்த பெயர்களே அந்தச் சாட்சியைக் கவிழ்த்துவிடும்.

அனிதா:
இதில் ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். சீட்டன் ஹால் தீக்குப் பிறகு அதே ஆண்டு மாணவர் விடுதிகளில் தானியங்கித் தண்ணீர்த் தெளிப்பான் கட்டாயம் என்று நியூஜெர்சி சட்டம் போட்டது. வெளியே வாடகைக்கு எடுக்கும் வீட்டை யார் பார்ப்பது? போன மாதம் என் மகள் தங்கியிருக்கும் வீட்டில் புகை எச்சரிக்கைக் கருவியைத் திறந்து பார்த்தேன், உள்ளே பேட்டரியே இல்லை. சமைக்கும்போதெல்லாம் கத்துகிறதாம், முன்பு இருந்தவர்கள் கழற்றிவிட்டார்களாம். எனக்குக் கை நடுங்கிவிட்டது.

மலர்விழி:
அனிதா, நாளைக்கே இன்னொன்று வாங்கிப் படுக்கையறைக்கும் மாட்டுங்கள்.

கதிரவன், சாட்சி பற்றி நீங்கள் சொன்னது சரி. நான் யோசிக்காத விஷயம் அது. பெயர் எழுத மாட்டேன். ஆனால் அந்த இரவைப் பற்றிப் பேசுவதை விட மாட்டேன். அன்று 20 வயதில் இருந்தவர்களுக்கு இப்போது 40க்கு மேல். நண்பனைக் காப்பாற்ற அன்று வாயை மூடிக்கொண்ட ஒருவருக்கு இன்று அந்த நட்பே இல்லாமல் போயிருக்கலாம், வீட்டில் கல்லூரி போகிற வயதில் பிள்ளை இருக்கலாம்.

கதிரவன்:
அந்த ஆள் பேச வேண்டிய இடம் கொலம்பஸ் காவல்துறை. அதை மட்டும் ஒவ்வொரு முறையும் எழுதுங்கள், நானும் உங்களோடு எழுதுகிறேன்.