மறு: ‘பில்டர்’ என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

> வீட்டுச் சலவைக் குறிப்பு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். சலவைத்தூளில் கலக்கும் ‘பில்டர்’ என்பதைக் ‘கட்டுமானி’ எனலாமா?

ஐயா, வணக்கம். வேண்டாம் என்றே சொல்வேன். அந்தப் பொருள் எதையும் கட்டுவதில்லை. அது செய்யும் வேலையே வேறு.

எங்கள் வீட்டில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர்தான். வாளியின் உட்புறம் வெள்ளையாகப் படிந்திருக்கும். துண்டு காய்ந்தால் அப்பளம்போல் விறைத்து நிற்கும். போன மழையில் பிடித்த தண்ணீரை ஒரு பாட்டிலிலும் கிணற்றுத் தண்ணீரை இன்னொன்றிலும் ஊற்றி, குளியல் சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்கிப் பார்த்தேன். மழைத்தண்ணீரில் நுரை கழுத்துவரை ஏறியது. மற்றதில் நுரையே இல்லை. பால் திரிந்ததுபோல் வெள்ளைத் துணுக்குகள் மிதந்தன. நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்பைப் பிடித்துத் திரித்துவிடுகின்றன. இதைத்தான் நீரின் கடினம் என்கிறோம். சலவைத்தூள் இப்படித் திரிவதில்லை என்றாலும் அதன் வலிமையும் குறைகிறது. நாமோ நுரை போதவில்லை என்று இன்னொரு கை அள்ளிப் போடுகிறோம். அலசினாலும் தூள் முழுதாகப் போவதில்லை.

பில்டர் முந்திக்கொண்டு அந்தக் கால்சியத்தை விலக்கிவிடுகிறது. சலவைச் சோடா அதைச் சுண்ணாம்புப் பொடியாகப் படியவைக்கிறது. சியோலைட் என்னும் கனிமப் பொடி தன் சோடியத்தைக் கொடுத்துக் கால்சியத்தை வாங்கிக்கொள்கிறது. பாஸ்பேட் அதைக் கரைந்த நிலையிலேயே வளைத்து வைத்துக்கொள்கிறது (ஏரிகளில் பாசி மண்டக் காரணமானதால் பல நாடுகள் பாஸ்பேட்டைக் கட்டுப்படுத்தின). மூன்றும் மூன்று வழி, ஆனால் நீரின் கடினத்தை முறிப்பதே மூன்றின் முதல் வேலை. அதனால் ‘கடினமுறி’ என்பது என் பரிந்துரை. ‘நச்சுமுறி’ நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த வாய்ப்பாட்டிலேயே இதுவும் நிற்கும்.

> மக்கள் ‘உப்புத் தண்ணீர்’ என்றுதானே சொல்கிறார்கள்? ‘உப்புமுறி’ என்றால் எளிதில் புரியுமே.

புரியும், ஆனால் தவறாகப் புரியும். கடினமுறி போட்ட பிறகும் தண்ணீரில் உப்பு அப்படியேதான் இருக்கும். சோடியம் உப்பு இன்னும் கூடவே செய்யும். அதைக் குடிக்கலாம் என்று ஒருவர் நினைத்துவிட்டால் என்ன செய்வது?

> இலங்கைப் பாடநூல்களில் ‘நீரின் வன்மை’ என்பார்கள். ‘வன்முறி’?

அங்குள்ள வழக்கு எனக்கும் பிடிக்கும், கடினத்தைவிட அழகான சொல். ஆனால் ‘வன்முறி’ ஓர் எழுத்துப் பிழையில் ‘வன்முறை’ ஆகிவிடும். ‘வன்மைமுறி’ என்று விரித்தால் அந்த இடர் இல்லை. இலங்கை வாசகருக்கு அதையே எழுதலாம்.

உவர்மண்ணை வைத்து ஒரு பெயர் அமைக்கலாமா என்றும் நெடுநேரம் யோசித்தேன். துணி வெளுப்பவர்கள் வெள்ளாவியில் அடுக்குமுன் உவர்மண் கரைசலில்தான் துணியை முக்கி எடுத்தார்கள். அந்த மண்ணில் இருப்பதும் சலவைச் சோடாவின் சரக்கேதான். நமக்குத் தொழில் முந்தியே தெரிந்திருக்கிறது என்பதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. ஆயினும் சியோலைட்டை ‘உவர்’ என்று சொல்ல முடியாதே!

சொல் பயன்படுமா என்று பார்க்க, உங்கள் குறிப்புக்குள் வைத்து எழுதிப் பார்த்தேன்: “உப்புத் தண்ணீர் வீடுகளில் கடினமுறியாகச் சலவைச் சோடாவை முதலில் வெந்நீரில் கரைத்து வாளியில் கலக்கவும். சிறிது நேரம் கழித்துத் தூளைப் போடவும். வழக்கத்தைவிடக் குறைவாகவே போதும். பட்டுக்கும் கம்பளிக்கும் இந்தக் கடினமுறி ஆகாது, காரம் இழையை அரிக்கும். கையுறை அணியவும்.” எங்கும் தடுக்கவில்லை.

‘கடினமுறிப்பான்’ என்று நீட்டச் சொன்ன அம்மாவுக்கு: நச்சுமுறிக்கு அந்த வால் தேவைப்படவில்லை. இதற்கும் வேண்டாம் என்பதே என் வாக்கு.