பழைய ‘டிராகன்’ இதழில் சிரிப்பு ஏப்ரலுக்கு மட்டும்தானா?

குகைவிளக்கு:
டிராகன் என்பது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டுக்காக வந்த அமெரிக்க மாத இதழ்; ஏப்ரல் இதழில் முட்டாள்கள் தினக் கேலி இருக்கும். பக்கத்துத் திரியில் பன்னிருமுகன் எழுதியிருப்பது: “டிராகன் இதழில் நகைச்சுவை என்றால் ஏப்ரல் இதழ்தான். மற்ற பதினோரு மாதமும் விதியும் அட்டவணையும்.” படித்ததும் எரிச்சல்தான் வந்தது. டேவ் டிராம்பியரின் வோர்மி படக்கதை 1977இல் 9ஆம் இதழில் தொடங்கியது. லாரி எல்மோரின் ஸ்னார்ஃப்குவெஸ்ட் படக்கதை 75ஆம் இதழ், 1983 ஜூலை. விளையாட்டில் எடுத்து ஆட ஜெஸ்டர் என்ற கோமாளிப் பாத்திர வகை முதலில் வந்தது 3ஆம் இதழ், 1976 அக்டோபர். இதில் எது ஏப்ரல்?

பன்னிருமுகன்:
இதழ் எண்ணைப் 12ஆல் வகுங்க. 1980களில் மீதி வராத எண்ணெல்லாம் ஏப்ரல்: 36, 48, 60, 72. ரோஜர் இ. மூர் மறுபடி எழுதிய ஜெஸ்டர் 60இல், ஏப்ரல் 1982. நீங்க கொண்டாடுற வோர்மி கடைசியா வந்தது 132. அதையும் வகுங்க. ஏப்ரல் 1988.

குகைவிளக்கு:
கடைசி அத்தியாயம் ஏப்ரலில் வந்தால் பத்து வருடத் தொடரும் ஏப்ரல் சரக்காகிவிடுமா? வோர்மி கதை நடுவிலேயே அறுந்தது. இனி வராது என்று 136ஆம் இதழில் அறிவித்தார்கள். ஏப்ரலுக்கென்று யாரும் திட்டமிட்டு முடிக்கவில்லை.

அது ஏன் சிரிக்க வைத்தது என்பதையாவது பாருங்கள். சுருட்டு பிடிக்கும் டிராகன், குள்ளர்களின் பௌலிங் பந்துகளைத் திருடி அதில் பில்லியர்ட்ஸ் ஆடுகிறது. அசுரப் பிறவிகளின் பக்கம் நின்று சொல்லப்பட்ட கதை. டி அண்ட் டியின் அசுரர் கையேடான 1977 மான்ஸ்டர் மேனுவலில் படம் வரைந்த அதே கை என்பதால், அங்கே மிரட்டுகிற ட்ரோல் மாதிரி அரக்கன் இங்கே நண்பர்களோடு வம்பளக்கும்போது சிரிப்பு தானாக வருகிறது. பக்கத்துக்கொரு பஞ்ச் வைத்து முடிக்கும் வேலை அதில் கிடையாது.

டிராகனில் வந்த ஃபில் ஃபோலியோவின் ஃபில் அண்ட் டிக்ஸி படக்கதையும் அப்படித்தான். டி அண்ட் டி விளையாட்டில் காமம் பற்றிப் பேசப்போகிறோம் என்று ஆசை காட்டுவார்கள், அப்புறம் தள்ளிப்போடுவார்கள். மாதாமாதம் தள்ளிப்போட்டால்தான் அது நகைச்சுவை. வருடத்துக்கு ஒருமுறை சொன்னால் யாருக்கு நினைவிருக்கும்?

பன்னிருமுகன்:
இவ்வளவு எழுதியும் 132 ஏப்ரல்தானே?

குள்ளன்45:
ரெண்டு பேருக்கும் அமெரிக்காவைத் தாண்டி உலகமே இல்லையா? இங்கிலாந்தின் விளையாட்டுப் பத்திரிகை ஒயிட் டுவார்ஃப், 45ஆம் இதழ், 1983 செப்டம்பர், கார்ல் கிரிட்ச்லோ வரைந்த காட்டுவீரன் த்ரட் படக்கதை. மலை மாதிரி உடம்பு, எலுமிச்சை அளவு தலை. அவனுக்கு எதிரியான மந்திரவாதி டூ-மீ கு-பா, தலையில் ஃபெஸ் என்ற குஞ்சம் வைத்த சிவப்புத் தொப்பி. மேடை மந்திரக் கோமாளி டாமி கூப்பரைப் பார்த்த பிரிட்டிஷ்காரனுக்கு விளக்கமே வேண்டாம்.

பன்னிருமுகன்:
தலையைச் சரியா வரைய வராததால் சின்னதாகிடுச்சு. அதுக்குப் பேர் பாணியா?

குள்ளன்45:
வரையத் தெரியாதவரையா 2000 ஏடி என்ற பிரிட்டிஷ் படக்கதை இதழில் அதன் நாயகன் ஜட்ஜ் ட்ரெட்டை வரைய விட்டார்கள்? தலை சின்னதாக இருப்பதுதான் அங்கே கேலியே. தோளையும் தலையையும் ஒரே கட்டத்தில் பார்த்த உடனே அவன் எப்படிப்பட்டவன் என்று தெரிந்துவிடும். வசனமே வேண்டாம். தலையைப் பெரிதாக்கினால் அவன் இன்னொரு காட்டுவீரன், அவ்வளவுதான்.

பழையதாள்:
தலையை விடுங்கப்பா. 1999இல் டிராகனின் முதல் 250 இதழ்களும் சிடியில் வந்தன, எடுத்துப் பாருங்கள். நைட்ஸ் ஆஃப் தி டின்னர் டேபிள் என்ற படக்கதை 226ஆம் இதழில் இருக்கிறது, பிப்ரவரி 1996. அந்தப் படக்கதைகளை அனுமதி வாங்காமல் சிடியில் சேர்த்ததால்தான் அதை வெளியிடும் கென்சர் நிறுவனத்தோடு தகராறே வந்தது. சமரசத்தில் பழைய ஏடி அண்ட் டி (அட்வான்ஸ்டு டி அண்ட் டி) விதிகளைப் பயன்படுத்தும் உரிமை கென்சருக்குக் கிடைத்து, 2001இல் ஹேக்மாஸ்டர் விளையாட்டு வந்தது. காமிக்ஸிலிருந்து ஒரு முழு விளையாட்டே பிறந்திருக்கிறது, நீங்கள் மாதக் கணக்கு பார்க்கிறீர்கள்.

குகைவிளக்கு:
சமரசக் கதைக்குத் தனித்திரி போடுங்கள், பழையதாள். இங்கே கேள்வி வேறு.

ஜெஸ்டர் மாதிரி ஏப்ரல் பாணி விதிக்கேலி படிக்கத்தான் நன்றாக இருக்கும், மேசைக்கு வந்தால் சொதப்பும். கோமாளிப் பாத்திரத்தை ஆட்டக்காரர் கையில் கொடுத்தால் ஒவ்வொரு சண்டையிலும் சீண்டல், ஒவ்வொரு சீண்டலுக்கும் எதிரிகளுக்கு சேவிங் த்ரோ, அதாவது தப்பிக்கப் பகடை உருட்டல். எட்டு கோப்ளின் குட்டிப்பூதம் என்றால் எட்டு உருட்டல். இரண்டாவது சுற்றிலேயே மற்றவர்கள் போனை எடுத்துவிடுவார்கள். ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டரே அந்தப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு, சண்டைக்கு ஒரு சீண்டல், கூட்டத்துக்கே சேர்த்து ஒரு உருட்டல் என்று கட்டுப்படுத்தினால் தாங்கும். வோர்மிக்கு இந்தத் தொல்லையெல்லாம் இல்லை. 1979 டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடில் வில் மக்லீன் வரைந்த ‘பேப்பர்ஸ் அண்ட் பே-செக்ஸ்’ (தாள்களும் சம்பளக் காசோலைகளும்) கார்ட்டூனும் அப்படித்தான். வீரனும் மந்திரவாதியும் மேசையைச் சுற்றி உட்கார்ந்து, தொழில்யுக மனிதர்களாக வேடம் கட்டி விளையாடுகிறார்கள். அது விதிநூல், ஏப்ரல் இதழ் அல்ல.

பன்னிருமுகன்:
விதிநூல் இதழ் இல்லை, கணக்கில் வராது. கடைசி வோர்மி 132. 132ஐப் 12ஆல் வகுத்தால் 11. மீதி பூஜ்யம்.

குகைவிளக்கு:
பிடித்த முயலுக்கு மூணே கால். சரி, உங்கள் கணக்கிலேயே வருகிறேன். ஸ்னார்ஃப்குவெஸ்ட் 75இல் தொடக்கம், மீதி 3. 145இல் முடிவு, மீதி 1, மே 1989. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

பன்னிருமுகன்:
நடுவில் 84, 96, 108, 120, 132, 144. ஆறு ஏப்ரல் இருக்கே?

குள்ளன்45:
த்ரட் தலையைப் பற்றிச் சொன்னதை இன்னும் திரும்பப் பெறவில்லை நீங்கள்.